பலாமரத்தில் தொங்கும் போன்

சிறுமலையில் சாயங்கால மேகம் பலாமரத்தின் பாதி உயரத்துக்கு இறங்கி நிற்கிறது. தாழ்ந்த கிளையில் தொங்கும் வயர் கூடைக்குள் ஊருக்கே பொதுவான செல்போன் கிடக்கிறது. திண்டுக்கல்லில் யார் யாரோ வேண்டாமென்று கொடுக்கும் பழைய போன்களைச் சரிசெய்து மலை ஊர்களுக்குத் தருகிற சேவியர் சார் போன மாதம் கொண்டுவந்தது. கண்ணாடியில் கீறல், முன்னே வைத்திருந்தவரின் விரல்பட்டு ஐந்தாம் எண் தேய்ந்து அழிந்திருக்கிறது. கிளையை விட்டு ஒரு முழம் நகர்த்தினாலும் சிக்னல் போய்விடும் என்பதால் யாரும் அதைக் கையில் எடுப்பதில்லை; ஸ்பீக்கரில் போட்டு, கூடையைப் பார்த்தபடி பேசுகிறார்கள். சோலையம்மாள் காலையிலிருந்து மரத்தடியை விட்டு அசையவில்லை. நேற்று பாம்பு கடித்த புருசன் பொம்மையனை ஜீப்பில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கூடைக்குள் வெளிச்சம் மினுங்கி, போன் கிணுகிணுக்கிறது. பக்கத்து வீட்டு அறிவுச்செல்வி எட்டிப் பச்சைப் பொத்தானை அமுக்குகிறாள். இரைச்சலுக்குப் பின்னால் ஓர் இருமல். எல்லோருக்கும் தெரிந்த இருமல். "ஏ புள்ள, களத்துல காயப்போட்ட மிளக அள்ளுனியா இல்லையா? மழ கிழ பேஞ்சிறப் போகுது." மரத்தடியில் அத்தனை பேருக்கும் மூச்சு வருகிறது. சோலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். தூறல் அவள் முகத்திலும், எதிரே களத்தில் நேற்றிலிருந்து யாரும் தொடாத மிளகிலும் விழுந்துகொண்டிருக்கிறது. "அதெல்லாம் அப்பவே அள்ளியாச்சு," என்கிறாள் கூடையைப் பார்த்து. ஊரே கேட்டுக்கொண்டு நிற்கிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.