சவுக்கின் சத்தம்

உச்சி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் விரித்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டக் கூலிகளைப் பற்றி நாவல் எழுதும் கணவன், சவுக்கடியின் சத்தம் பிடிபடாமல் பல நாளாக ஒரே பக்கத்தில் நிற்கிறான். இன்று பழைய சாமான் கடையிலிருந்து ஒரு சவுக்கே வாங்கி வந்துவிட்டான். நாற்காலியில் தலையணை சாய்ந்திருக்கிறது. முதல் அடிக்குப் பஞ்சு பறந்து வெயிலில் மிதக்கிறது. "கேட்டாச்சுல்ல? போய் எழுது. என் தலகாணி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சிரிக்கிறாள் மனைவி. வாய்ப்பேச்சில் அவளை ஜெயிக்க அந்தத் தெருவிலேயே ஆளில்லை. "இன்னும் சரியா வரல." மறுபடி அடி. மறுபடியும். பேனா மூடி திறக்கப்படவேயில்லை. அவன் கால்கள் அகன்று ஊன்றியிருக்கின்றன; மணிக்கட்டு, நெடுநாள் பழகிய வேலைபோல லேசாகச் சுழல்கிறது. அந்தக் கூலிகளுக்காக அழுதழுது எழுதிய கை அது. தலையணை நழுவித் தரையில் விழுகிறது. "தூக்கி நிறுத்து." அவளைத் திரும்பிப் பார்க்காமலே சொல்கிறான். அந்தக் குரலை இந்த வீட்டில் அவள் கேட்டதில்லை. சுடச்சுட ஒரு பதில் நாக்கு நுனிவரை வருகிறது. ஆனால் அவள் குனிகிறாள், தலையணையை எடுத்து நிறுத்துகிறாள், அவனுடைய நாவலில் கூலிகள் சொல்லி மட்டுமே அவள் படித்த வார்த்தை அவள் வாயிலிருந்து விழுகிறது: "சரிங்க தொர." அவன் சிரித்துவிடுவான் என்று குனிந்தபடியே காத்திருக்கிறாள்.