கசியாத வேலை

“சார், நல்லாப் பாருங்க. ஒரு சொட்டுக்கூடக் கசியல.”

அவள் ‘சார்’ என்று கூப்பிட்டது சொந்த அப்பாவை. பந்தய மைதானத்துக்குள் வந்துவிட்டால் அவர் தலைமைப் பரிசோதகர், அவள் ஓட்டவந்தவர்களில் ஒருத்தி. அப்பா, மகள் எல்லாம் வெளிக் கேட்டோடு சரி. இருவரும் பேசிவைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

அவர் காரின் பானெட்டுக்குள் குனிந்தார். டார்ச் வெளிச்சம் இன்ஜின்மேல் ஊர்ந்து ஃபியூயல் ரெயிலில் வந்து நின்றது. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிட்டுத் தருகிற ஒரு முழக் குழாய். அதன் நுனியில் கம்பெனி வைத்த மூக்கைக் காணோம். அதை அறுத்தெடுத்து, உள்ளே மரை போட்டு, நீல நிற ரேஸ் ஃபிட்டிங்கை முறுக்கியிருந்தது. அதிலிருந்து கம்பி பின்னிய தடித்த ஹோஸ் ஒன்று கிளம்பியது.

“ரெயில்ல கை வெச்சிருக்கே” என்றார்.

“நுனியை மட்டும்தான் சார். பழைய பைப்போட கிளிப் உடைஞ்சு பெட்ரோல் ஒழுகுச்சு. புதுசு வர ஒரு வாரம் ஆகும்னுட்டாங்க.”

“இந்தப் பிரிவுல இன்ஜினை கம்பெனி கொடுத்தபடியேதான் வெச்சிருக்கணும். எதையும் வெட்டக் கூடாது, மாத்தக் கூடாது. விதி தெரியுமில்ல?”

அவள் அவரையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அப்படியே மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற உதவிப் பரிசோதகருக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் வாய் நீளம், ஆனால் நல்ல மனுஷர். தலையை உள்ளே நுழைத்து ஃபிட்டிங்கைத் தடவிப் பார்த்தார்.

“அடேங்கப்பா, என்னா வேலை! ஒரு பிசிறு இல்ல. பழைய பைப்பைவிட இது எவ்வளவோ பத்திரம். சார், இதனால வண்டி என்ன பறக்கவா போகுது? பாதுகாப்புக்காகச் செஞ்சதுன்னு எழுதி விட்டுடலாமே. பெத்த பொண்ணுன்னு உங்களுக்குச் சங்கடமா இருந்தா நகருங்க, நான் பாத்துக்கறேன்.”

“வேண்டாம். நானே பாக்கறேன்.”

“அந்தப் பெரிய டீம்காரங்க வந்து உக்காந்திருக்காங்க. இன்னைக்கு நல்லா ஓட்டினா இவளை எடுத்துக்கறதாச் சொல்லியிருக்காங்க. அடுத்த வருஷம் இவளுக்கு வயசு தாண்டிடும். அதாவது தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா? போன வருஷம் வளைவுல இவ வண்டி உருண்டப்போ, செருப்பு கழண்டதுகூடத் தெரியாம வெறுங்காலோட ஓடினீங்களே. அந்தப் பாசமெல்லாம் எங்க சார் போச்சு?”

அவர் பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை எடுத்தார். பின்தாளை உரிக்க நகம் ஏறவில்லை. ஒருவழியாக உரித்துக் கண்ணாடியில் ஒட்டினார். அது ஒட்டப்பட்ட வண்டி அன்றைக்கு ஓட முடியாது.

“வேற ரெயில் ஏதாவது மாட்டிக்கிட்டு வரலாமில்லம்மா?” உதவிப் பரிசோதகர் விடுவதாக இல்லை.

“இன்னும் அரை மணி நேரத்துல ஆரம்பிச்சுடுவாங்க. அதுக்குள்ள எங்க போய்த் தேடறது சார்? அறுத்ததை ஒட்டவா முடியும்?”

“யாரும்மா இதைச் செஞ்சது? இப்படி மரை போடத் தெரிஞ்சவனுக்கு விதி தெரியாமலா இருக்கும்? வேணும்னே உன் பொழைப்புல மண்ணள்ளிப் போட்டிருக்கான். உன்னோட ஓட்டற பசங்கள்ல எவனோ காசு கொடுத்துச் செய்ய வெச்சிருக்கான். பேரைச் சொல்லு, இனிமே இந்தப் பக்கமே தலைகாட்டாம பண்ணிடறேன்.”

“அப்படியெல்லாம் இல்ல சார். விடுங்க.”

“பேரைச் சொல்லும்மா!”

“எனக்கு வேண்டியவர்தான். விட்டுடுங்க சார்.”

செய்தி மைதானம் முழுக்கப் பரவிவிட்டது. பெற்ற மகளையே வெளியேற்றிய மனுஷன் என்று மெக்கானிக்குகள் வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். அமைப்பாளர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“உங்களை மாதிரி ஒரு ஆள் இருந்தாப் போதும் சார், இந்த விளையாட்டு பொழைச்சுக்கும்!”

அவர் கையை இழுத்துக்கொண்டார். பாராட்டைக் கேட்டு உடம்பெல்லாம் கூசியது. அடுத்தடுத்த வண்டிகளைப் பார்த்து முடித்தார். எதைப் பார்த்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

பந்தயம் தொடங்கிய சத்தம் கேட்டதும் வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்தார். அவள் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். ஓட்டும்போது போடும் உடுப்பைக் கழற்றக்கூட இல்லை. ஒவ்வொரு வண்டியும் நேர்பாதையில் சீறிப் போகும்போது அவள் வலது கால் தரையை அழுத்தியது.

திட்டுவாள், கத்துவாள், ஹெல்மெட்டைத் தூக்கி வீசுவாள் என்றெல்லாம் எண்ணித்தான் வந்திருந்தார். அதற்கெல்லாம் மனதைத் தயார் பண்ணியும் வைத்திருந்தார். அவள் நகர்ந்து அவருக்கும் இடம் விட்டாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இவ்வளவு பெரிய ஆசையை இப்படி ஒரே நாளில் முடித்துவைத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. இனி தோன்றி என்ன பிரயோஜனம்?

“அந்த மனுஷன் அத்தனை தடவை கேட்டாரே,” என்றார். “பேரைச் சொல்லியிருக்கலாமேம்மா?”

அவள் ஓடும் வண்டிகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“என்னன்னுப்பா சொல்றது? ‘இந்த வருஷம் விதியைத் தளர்த்திட்டோம், பயப்படாதே’ன்னு என்னையே டார்ச் பிடிக்கச் சொல்லி, நேத்து நம்ம வீட்டு ஷெட்ல ரெயிலை அறுத்தது எங்க அப்பாதான்னா?”