வரலாறு சொல்லும் டம்ளர்

தணிகாசலம் ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட டம்ளர், காப்பி ஊற்றியதும் மூடிக்கொள்ளும். காப்பிக் கொட்டையின் வரலாற்றைச் சொல்லி முடித்த பிறகே திறக்கும். ஏற்காட்டுச் சரிவு, மண்ணின் குணம், வறுத்தவரின் தத்துவம் என்று இருபது நிமிடம் ஓடும்.

"அபிராமி, ஆறிப்போச்சு!"

மனைவி சூடாக்கி ஊற்றினாள். டம்ளர் அதைப் புதுக் காப்பியென்று நினைத்து, "ஏற்காட்டுச் சரிவிலே..." என்று மறுபடி ஆரம்பித்தது.

ஆறு மாதமாக ஒரு வாய் சூடாக இறங்கவில்லை. பொறுக்க முடியாமல் அடுக்களைக்குள் நுழைந்தார். அபிராமி ஆவி பறக்கும் காப்பியைச் சட்டியோடு தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் இப்படித்தானா?"

"பின்னே? அங்க வந்தா நானும் பிரசங்கம் கேக்கணுமே!"

"எனக்கும் ஒரு வாய் குடேன்."

"தர்றேன். ஏற்காடுன்னு வாயெடுத்தீங்க, சட்டியைப் பிடுங்கிடுவேன்."