ஒட்டிக்கொண்டவர்கள்

ஆலையில் தன்னைத் துளியாக உடைத்த இயந்திரத்தின் இரைச்சல், ஊசி வழியே ரத்தத்தில் இறங்கிய பிறகும் அந்த எண்ணெய்த்துளியின் காதைவிட்டுப் போகவில்லை. செண்பகவல்லியின் மூளைக் கட்டிக்கான மருந்து அதன் வயிற்றில் இருந்தது.

“தனியாவா வந்தே, தங்கச்சி?” என்று ஒரு ரத்தப் புரதம் தோளில் கைபோட்டது. தன் கூட்டத்தையும் கூப்பிட்டது. எல்லாம் வந்து அப்பிக்கொண்டன. இத்தனை சொந்தமா என்று துளி பூரித்துப்போனது.

மெலிந்த புரதம் ஒன்று ஓடிவந்தது. “மூளை வாசல்ல உன்மேல என்னைப் பார்த்தாத்தான் கதவு திறப்பாங்க. கொஞ்சம் இடம் விடு. இவங்க ஒட்டினா கல்லீரல் உன்னைத் தின்னுடும்!”

“பொறாமையைப் பாரு!” என்று கூட்டம் சிரித்தது.

துளியும் சிரித்தது. “எங்க அண்ணனுங்களை எழுப்பிவிட்டு உனக்கு இடம் தரணுமாக்கும்?”

கல்லீரலின் காவல் செல் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் வாயைத் திறந்தது. துளியை மருந்தோடு விழுங்கியது. அதே ஊசியில் வந்த மற்றத் துளிகளுக்கும் அதே கதிதான்.

செண்பகவல்லி வெள்ளிக்கிழமை இறந்தாள்.