தோளில் இருந்த கொடி

பதினாறாம் நாள் காலை வெயில் புளியமரத்தடியில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. செத்தவனின் துணியை வீட்டில் வைக்கக் கூடாது என்று, பட்டாளத்திலிருந்து வந்த பெட்டியைத் திறந்து மகன் மணிவேலின் உடுப்புகளை அருணகிரி காய்ந்த சாமைத்தாளின் மேல் குவித்திருக்கிறார். கையில் தீப்பெட்டி. குவியலின் மேலே சீருடைச் சட்டை கிடக்கிறது. அதன் தோளில், ஒட்டிப் பிய்க்கும் பட்டையோடு, மூன்று விரல் அகலத்துக்கு மூவர்ணக் கொடி. “கொடிய எரிக்கக் கூடாதும்மா. அத்த மட்டும் பிச்சுக் குடுத்துடு” என்கிறார் மருமகளிடம். ரஞ்சிதம் சட்டையை மடியில் போட்டுக்கொள்கிறாள். லீவில் ஜீப்பில் வந்து இறங்கும்போதெல்லாம் வாசலிலேயே நின்று மணிவேல் முதலில் அதைத்தான் பிய்ப்பான். “இது இருந்தா நான் நாட்டு ஆளு. இல்லன்னா வூட்டு ஆளு” என்று சிரிப்பான். பிய்க்கிற சத்தம் கேட்டதுமே, மகன் வந்துவிட்டான் என்று அருணகிரி உள்ளேயிருந்து எழுந்து ஓடி வருவார். ரஞ்சிதம் கொடியின் ஓரத்தில் நகத்தை நுழைக்கிறாள். ஒட்டுப்பட்டை விடுவேனா என்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இழுக்கிறாள். சர்ரென்று சத்தம். வெளுத்துப்போன சட்டையில் கொடி இருந்த இடத்துப் பட்டை மட்டும் புதுத்துணியின் பச்சையாக இருக்கிறது. “இந்தாங்க மாமா” என்று நீட்டுகிறாள். வாங்க ஒரு கையும் வரவில்லை. நிமிர்ந்து பார்க்கிறாள். பற்றவைத்த குச்சியோடு அருணகிரி, ஜீப் வரும் பாதையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நெருப்பு விரலைச் சுடும்வரை பார்க்கிறார்.