மூன்று நாள் தாமதம்

"பூங்கோதை, திங்கட்கிழமை வந்த இலைகளுக்கு இன்னும் பதில் போகலையாமே?"

சௌந்தரராஜன் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நாளைக்குப் போயிடும் சார்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. கம்ப்யூட்டர் ஒரு நிமிஷத்துல நோயைச் சொல்லிடுது. அதை அடிச்சுக் கவர்ல போட உங்களுக்கு மூணு நாளா?"

பூங்கோதை தன் மேஜைக்குத் திரும்பினாள்.

2003-ம் வருஷம். வங்காளத் தலைநகரில், பாலிகஞ்சில் இருந்த அந்த நெல் நோய் ஆராய்ச்சிக்கூடத்துக்கு சௌந்தரராஜன்தான் தலைவர். விவசாயிகள் நோய் கண்ட நெல் இலையைத் தபாலில் அனுப்புவார்கள். இலையை ஸ்கேன் செய்து போட்டால், அவர் இரண்டு வருஷம் பாடுபட்டு உருவாக்கிய மென்பொருள் இன்ன நோய் என்று சொல்லிவிடும். என்ன செய்ய வேண்டும் என்று விவசாயிக்கு வங்காள மொழியில் கடிதம் அனுப்புவது பூங்கோதையின் வேலை. கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். வங்காளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வேலை மட்டும் வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம்.

'கம்ப்யூட்டர் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தேவையில்லை' என்று சௌந்தரராஜன் குறிப்பு எழுதினார்.

மார்ச் கடைசியில் ஒரு நாள் அவள் அவருடைய அறைக்கு வந்தாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்று கவரை நீட்டினார்.

நின்றபடியே படித்தாள். "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் இடத்துக்குப் புதிதாக வந்தவன் சுறுசுறுப்பு. காலையில் வரும் இலைக்கு மாலையில் பதில் போய்விடும். டெல்லியில் நடந்த கூட்டத்தில் சௌந்தரராஜன் அதைப் பெருமையாகச் சொன்னார். கைதட்டினார்கள்.

துர்கா பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது பர்த்வான் பக்கத்திலிருந்து நிமாய் மண்டல் என்று ஒரு விவசாயி வந்தார். இரண்டு கடிதங்களை மேஜைமேல் வைத்தார்.

"போன வருஷமும் இதே மாதிரி புள்ளிதான் பாபு. குலைநோய், உரத்தை உடனே நிறுத்துன்னு உங்க கடிதம் வந்துச்சு. வயல் பிழைச்சுது. இந்த வருஷம் ஆகஸ்டுல செம்புள்ளி, மண்ணுல சத்து இல்லே, உரம் போடுன்னு வந்துச்சு. போட்டேன். மூணு பிகா நிலமும் கருகிப் போச்சு."

அவர் சண்டை போட வரவில்லை. எந்தக் கடிதம் சரி என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தார். அடுத்த வருஷமும் பயிர் வைக்க வேண்டுமே.

சௌந்தரராஜன் போன வருஷத்து ஃபைலைப் பிரித்தார். நிமாய் மண்டலின் இலைக்கு அப்போதும் கம்ப்யூட்டர் சொன்னது செம்புள்ளிதான். கடிதத்தில் போயிருந்தது குலைநோய்.

அடிக்கும்போது ஏற்பட்ட தவறோ? அடுத்த தாளைப் புரட்டினார். அதற்கடுத்தது. நூறு கடிதங்களில் முப்பத்தோரு கடிதங்கள் கம்ப்யூட்டர் சொன்னதிலிருந்து மாறியிருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால், தமிழில், பொடி எழுத்தில் ஒரு குறிப்பு.

'இலையை ஈரத்தாளில் இரண்டு நாள் வைத்தேன். பூஞ்சை வளர்ந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். குலைநோய்தான்.'

அந்த அலுவலகத்தில் அவளைத் தவிரத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு நாள்கூட அவர் அந்த ஃபைலைத் திறந்து பார்த்ததில்லை.

மறுநாள் கார்டன் ரீச்சுக்குப் போய் விசாரித்தார். பூங்கோதை ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடியும்வரை வாசலிலேயே நின்றார்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"நிமாய் பாபு வயலா? மூணு பிகாவுமா சார்?"

"ஆமாம். எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லலை, பூங்கோதை?"

"சேர்ந்த புதுசுல சொன்னேன் சார். 'கம்ப்யூட்டர்னா பயமா'ன்னு சிரிச்சீங்க. அப்புறம் சொல்லப் பயமாயிடுச்சு. தப்பான கடிதம் போகாமப் பார்த்துக்கிட்டாப் போதும்னு விட்டுட்டேன்."

அவருக்கு எப்போது சிரித்தோம் என்று நினைவில்லை. சிரித்திருப்போம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

"அந்த மென்பொருளை மூட்டை கட்டிப் போட்டுடறேன்."

"ஐயோ, வேண்டாம் சார். அது நல்ல மென்பொருள். அதுக்கு நாம காட்டின இலைதான் போதலை."

எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். ஒரு சி.டி.யை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதுல நானூறு இலை இருக்கு. ஒவ்வொண்ணையும் ஸ்கேன் பண்ணி, சோதிச்சுப் பார்த்து, சரியான நோய்ப் பேரும் போட்டிருக்கேன். இதை உள்ளே கொடுத்தா அது கத்துக்கும். தப்பு பாதியாவது குறையும் சார்."

சௌந்தரராஜன் சி.டி.யைத் திருப்பிப் பார்த்தார். அந்தச் சி.டி. ஆகஸ்டுக்கு முன்னால் தன் கையில் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டார்.

"எப்போ முடிச்சீங்க இதை?"

"மார்ச்லயே முடிச்சுட்டேன் சார். இதைக் கொடுக்கத்தான் அன்னிக்கு உங்க ரூமுக்கு வந்தேன்."