மாணவர் அட்டை

"மூணு சட்டக் கல்லூரி கூப்பிடுது. பேர் பெத்ததை விட்டுட்டு, போயும் போயும் இதையா பிடிச்சே, வெண்டல்?" என்று பொரிந்தாள் மனைவி ரோசலின்.

"காரணமாத்தான்" என்றான் ஈராக் போய்வந்த அந்த முன்னாள் சிப்பாய்.

முதல் நாளே, வகுப்புக்குப் போகும் முன், கல்லூரி நடத்தும் படைவீரர் இலவசச் சட்ட உதவி மையத்தில் போய் உட்கார்ந்தான்.

"பீரங்கிச் சத்தத்துல போன காது, மேடம். காது பட்டாளத்துல போகலேன்னு சொல்லி, நஷ்டஈடு தராம ஒன்பது வருஷமா அரசாங்கத்துல இழுத்தடிக்கிறாங்க. உங்களை நம்பித்தான் இந்தக் காலேஜ்லயே சேர்ந்தேன்."

"ஜெயிக்கிற கேஸ் சார்!" என்று கோப்பிலிருந்து நிமிர்ந்தாள் வக்கீலம்மா. அவன் கழுத்தில் தொங்கிய மாணவர் அட்டையைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிப் போனது.

அவனுக்குக் கேட்கவில்லை. நல்ல காதைத் திருப்பினான்.

"எங்க மாணவங்க கேஸை நாங்க எடுக்கக்கூடாது, சார்!" அவள் கத்த வேண்டியிருந்தது. "வேற எந்தக் காலேஜ்ல சேர்ந்திருந்தாலும் எடுத்திருப்போம்!"